அபிஸ்கோவில் துருவ ஒளி: எப்போது செல்வது, எத்தனை இரவுகள் தங்குவது?

நடையன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குள் பன்னிரண்டு நாள் பயணம் செய்ய எனக்கும் 67 வயதான என் அம்மாவுக்கும் வாய்ப்பு அமைந்திருக்கிறது. துருவ ஒளியை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அதைப் பெருநகரத்திலிருந்து பேருந்தில் ஏறித் துரத்திப் பார்க்காமல், விளக்குகள் குறைந்த ஒரு சிற்றூரில் தங்கி நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வடக்கே போகப் போக ஒளி அதிகம் தெரியும் என்று எண்ணி முதலில் ஸ்வால்பார்டு தீவுகளைத்தான் நினைத்திருந்தேன். நண்பர்கள் சிலர் நார்வேயின் டிரோம்சோ நகரமே போதும் என்கிறார்கள். இதற்கிடையில் ஸ்வீடனின் வடகோடியில் உள்ள அபிஸ்கோ என்ற சிற்றூரைப் பற்றிப் படித்தேன். அங்கே மற்ற இடங்களைவிட வானம் தெளிவாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். இது உண்மையா, அல்லது சுற்றுலாக்காரர்களின் விளம்பரமா என்பது எனக்கு விளங்கவில்லை. எத்தனை இரவுகள் ஒதுக்குவது, எப்படிப் போய்ச் சேர்வது, அம்மாவால் அந்தக் குளிரைத் தாங்க முடியுமா என்பவையும் என் கவலைகள். கைப்பேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறேன், அதில் பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை அளக்கும் கே.பி. குறியீடு பெரும்பாலான நாட்களில் குறைவாக, 2 அல்லது 3 என்றே காட்டுகிறது. அதைப் பார்க்கும்போது பயணமே வீணாகிவிடுமோ என்ற அச்சம் வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைச்சாரல் எழுதியது:

வேலை நிமித்தமாக இரண்டு குளிர்காலங்கள் வட ஸ்வீடனின் சுரங்க நகரமான கிரூனாவில் இருந்தேன். அபிஸ்கோ அங்கிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அங்கே சென்றுவிடுவேன். எனவே உங்கள் முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும்: அந்தத் தெளிவான வானம் விளம்பரக்காரர்கள் கட்டிய கதையன்று, அந்த நிலத்தின் அமைப்பால் வருவது. நார்வேக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்கிலிருந்து வரும் காற்று, எல்லையில் உள்ள மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்ந்து, தன் பனியையும் மழையையும் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது அது உலர்ந்த காற்றாகிவிடுவதால், அபிஸ்கோவை ஒட்டியுள்ள டோர்னெட்ரெஸ்க் ஏரியின் மேல் மேகங்கள் கலைந்து ஒரு திறப்பு உண்டாகிறது. அங்குள்ளவர்கள் அதை 'நீலத் துளை' என்று அழைப்பார்கள். அபிஸ்கோவில் ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 300 மில்லிமீட்டர்தான். அதே ரயில் பாதையில் மேற்கே சில பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரிக்ஸ்கிரென்சனில் அதைப்போலப் பல மடங்கு பொழிகிறது. இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காற்று கிழக்கிலிருந்து வீசும் நாட்களில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நான் சென்ற ஒரு வார இறுதியில் மூன்று இரவுகளும் வானம் மூடியே கிடந்தது.

அதனால்தான் எத்தனை இரவுகள் என்ற கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். ஓர் இரவில் ஒளியைக் காணும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்று இரவுகளில் ஒருமுறையாவது காணும் வாய்ப்பு 87 விழுக்காட்டைத் தாண்டும் என்று கணக்கு சொல்லும். ஆனால் வானிலை அப்படித் தனித்தனி நாணயச் சுண்டல்களாக நடந்துகொள்வதில்லை. மேகம் வந்தால் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து நிற்கும். ஆகவே கணக்கில் மூன்று என்று வந்தால் பயணத் திட்டத்தில் ஐந்து என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் பன்னிரண்டு நாட்கள் இருப்பதால், ஐந்து இரவுகளை அபிஸ்கோவுக்கே கொடுத்துவிட்டு மற்ற ஊர்களைக் குறைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

நீங்கள் குறித்த காலம் மிகப் பொருத்தமானது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முற்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. அந்த நீல மங்கலுக்கு ஓர் அழகு உண்டு என்றாலும், முதல்முறை செல்லும் ஒருவருக்கு, அதிலும் வயதானவருக்கு, அது சோர்வைத் தரும். பிப்ரவரி இறுதியில் பகலில் நல்ல வெயில் இருக்கும், ஏரியும் உறைந்திருக்கும். மார்ச் நடுப்பகுதியிலும் இரவு எட்டு மணிக்குள் வானம் போதிய அளவு இருண்டுவிடும். ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு போனால் இரவே சரியாக இருட்டாது.

போய்ச் சேரும் வழியைப் பொறுத்தவரை, ஸ்டாக்ஹோமிலிருந்து நார்வேயின் நார்விக் வரை செல்லும் இரவு ரயில் அபிஸ்கோவிலேயே நிற்கும். இந்தச் சிற்றூருக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு: ஊருக்குள் இருப்பது அபிஸ்கோ கிழக்கு நிறுத்தம், மலையேறுபவர்களின் விடுதிக்கு அருகில் இருப்பது சுற்றுலா நிறுத்தம். தங்குமிடம் எதனருகில் என்று பார்த்துப் பயணச்சீட்டு எடுங்கள். தவறான இடத்தில் பெட்டிகளோடு இறங்கிப் பனியில் நடப்பது இன்பமான அனுபவமன்று. இரும்புத் தாதுவைக் கிரூனாச் சுரங்கத்திலிருந்து நார்விக் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காகப் போடப்பட்டு 1903-இல் திறந்துவைக்கப்பட்ட ஒற்றைத் தடப் பாதை இது. இன்றும் நீண்ட தாது ரயில்களே அதில் மிகுதி, தாமதங்களும் மிகுதி. 2023 டிசம்பரில் ஒரு தாது ரயில் தடம் புரண்டபோது பல வாரங்கள் போக்குவரத்தே நின்றது. திறந்த சில நாட்களில், 2024 பிப்ரவரியில், மீண்டும் ஒன்று தடம் புரண்டது. ஆகவே ரயிலில் திரும்புவதானால், நாடு திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு முழு நாளை வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்று வழி, கிரூனாவுக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து பேருந்திலோ காரிலோ ஈ10 நெடுஞ்சாலையில் செல்வது. அந்தச் சாலையே 1984-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நெடுங்காலம் அந்த ஊருக்கு ரயிலே வழியாக இருந்தது.

விண்நோக்கி எழுதியது:

மலைச்சாரல் வானிலையைச் சொல்லிவிட்டார். நான் அதற்கும் மேலே நடப்பதைச் சொல்கிறேன். கே.பி. எண்ணைப் பார்த்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை என்பதோடு, அபிஸ்கோ செல்பவர் அந்த எண்ணை நாள்தோறும் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்பதும் என் கருத்து. அது 1949-இல் ஜூலியஸ் பார்ட்டெல்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் அறிமுகப்படுத்திய அளவீடு. பெரும்பாலும் நடு அட்சரேகைகளில் உள்ள காந்தப்புல ஆய்வுநிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, பூமி முழுமைக்கும் ஒரே எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். ஒளி எவ்வளவு தெற்கே இறங்கி வரும் என்பதை அறிய விரும்பும் பெர்லின்வாசிக்கு அது பயன்படும். துருவ ஒளி வளையத்துக்குக் கீழேயே தங்கப் போகிற உங்களுக்கு 2 என்பதே நல்ல எண்தான்.

இந்த வளையத்தைப் புரிந்துகொண்டால் ஸ்வால்பார்டு பற்றிய உங்கள் எண்ணமும் தெளிவாகிவிடும். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், அதாவது சூரியக் காற்று, பூமியின் காந்தப்புலத்தை அசைக்கும்போது, காந்தப்புலக் கோடுகளின் வழியே எலெக்ட்ரான்கள் மேல் வளிமண்டலத்துக்குள் பாய்கின்றன. அவை துருவத்தின் மேலே நேராக விழுவதில்லை. காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக விழுகின்றன. இரவுப் பக்கத்தில் அந்த வளையம் பெரும்பாலும் வட ஸ்காண்டிநேவியா, வட அலாஸ்கா ஆகியவற்றின் மேலாகச் செல்கிறது. 78 பாகை வடக்கில் உள்ள ஸ்வால்பார்டு பல இரவுகளில் வளையத்தின் உட்புறம், அதாவது நடுவிலுள்ள வெற்றிடத்தில், அகப்பட்டுக்கொள்ளும். அதற்கு வேறொரு சிறப்பு உண்டு: நண்பகலிலும் இருள் நீடிக்கும் டிசம்பர் மாதத்தில், சூரியனை நோக்கிய பக்கத்தில் உருவாகும் பகல்நேர ஒளியை அங்கிருந்து காணலாம். ஆய்வாளர்களுக்கு அது பொன்னான இடம். உங்கள் அம்மாவின் முதல் காட்சிக்கு 68 பாகையில் உள்ள அபிஸ்கோவே நல்லது.

இதே காரணத்தால் பலர் ஏமாறுகிற ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அமைதியான இரவில் ஒளி வடக்கு அடிவானத்தில் ஒரு மங்கிய வில்லாகத் தொடங்கும். வலுவான காந்தப் புயல் வந்தாலோ, வளையம் விரிந்து தெற்கே நகர்ந்துவிடும். அப்போது ஏரிக்கரையில் வடக்கு நோக்கி நின்றுகொண்டிருப்பவருக்குப் பின்னால், தெற்கு வானத்தில் ஆட்டம் நடக்கும். அவ்வப்போது திரும்பிப் பாருங்கள்.

கே.பி.-க்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்றால், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தப்பட்டிருக்கும் விண்கலங்களின் அளவீடுகளைப் பாருங்கள். சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பி அப்படியே நிலைத்திருந்தால், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே செல்ல ஆயத்தமாகலாம். கிரூனாவில் உள்ள ஸ்வீடன் விண்வெளி இயற்பியல் நிறுவனம் தன் காந்தமானியின் வரைகோட்டையும் முழு வானக் கேமராவின் படத்தையும் இணையத்தில் வெளியிடுகிறது. கோடு திடீரெனக் கீழே சரிந்தால் மேலே ஏதோ நடக்கிறது என்று பொருள். பயணத்துக்கு முன்பே ஒரு குறிப்பு வேண்டுமென்றால், சூரியன் தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ 27 நாட்கள் ஆவதை நினைவில் வையுங்கள். அதன் ஒளிவட்டத் துளைகளிலிருந்து, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தில் உள்ள திறப்புகளிலிருந்து, வரும் வேகமான காற்று அதே இடைவெளியில் திரும்ப வரும். நீங்கள் செல்லும் நாட்களுக்கு 27 நாட்கள் முன்பு ஒளி நன்றாக இருந்ததா என்று பார்ப்பது, எந்தச் செயலியும் தரும் நீண்டகால முன்னறிவிப்பைவிட மோசமானதன்று. சூரியனின் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியச் சுழற்சியில், இப்போதைய 25-ஆவது சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அது இறங்கும் ஆண்டுகளில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் காற்றோட்டங்கள் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். உச்சம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம்.

கடலோரன் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். ஓரிடத்தில் தங்கிவிட்டால் அந்த இடத்தின் வானத்துக்கு நீங்கள் அடிமை. டிரோம்சோ கடற்கரை நகரம், மேகம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்து காரில் கிளம்பினால் சில மணி நேரத்தில் ஷிபோத்தனுக்கோ, அதையும் தாண்டிப் பின்லாந்தின் கில்பிஸ்யார்விக்கோ போய்விடலாம். அவையும் மலைகளுக்குப் பின்னால் உள்ள வறண்ட பகுதிகளே. ஷிபோத்தனில் வானியல் ஆய்வுக்கூடம் அமைத்ததே அங்கே வானம் தெளிவாக இருப்பதால்தான். நான் நான்கு இரவுகளில் மூன்றில் ஒளியைப் பார்த்தேன். மூன்றுமே நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

நடையன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கடலோரன் ஐயா சொல்வது நியாயமாகவே படுகிறது. ஆயினும் எனக்குப் பனிச்சாலையில் கார் ஓட்டிப் பழக்கமில்லை. அம்மாவை நள்ளிரவில் ஐந்தாறு மணி நேரம் வண்டியில் உட்கார வைப்பதற்கும் மனம் வரவில்லை. ஆகவே அபிஸ்கோ என்றே முடிவு செய்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நிழற்படங்களில் காணும் பச்சையும் சிவப்பும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் கேமராவின் மாயம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மா ஏமாந்துவிடக் கூடாது. மற்றொன்று, நாற்காலித் தூக்கியில் மலைமேல் ஏறி ஒளியைப் பார்க்கும் ஓர் இடம் அங்கே இருக்கிறதாமே, அதற்கு முன்பதிவு செய்யலாமா?

முக்காலி எழுதியது:

நிறம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அவர் எழுதியது பாதி உண்மை. குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரித்தறியும் திறன் இல்லை. ஆகவே ஒளி மங்கலாக இருக்கும்போது அது ஒரு சாம்பல் நிற மேகத்தைப் போலத்தான் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் அதை மேகம் என்றே நினைத்து அறைக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. ஐயம் வந்தால் கைப்பேசியில் இரவுப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். பச்சையாக வந்தால் காத்திருங்கள். ஒளி வலுத்ததும் பச்சை நிறம் வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரியும். அது 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழும் ஒளி, மனிதக் கண்ணுக்கு மிகவும் உகந்த நிறத்துக்கு அருகில் உள்ளது. 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் தரும் சிவப்பைத்தான் கண்ணால் பிடிப்பது அரிது. படங்களில் நீங்கள் காணும் அடர்ந்த சிவப்பில் கேமராவுக்குப் பெரும் பங்கு உண்டு. திரைகள் வேகமாக அசையும்போது அவற்றின் கீழ் விளிம்பில் ஓர் இளஞ்சிவப்புக் கரை ஓடும். நைட்ரஜன் தருவது அது, கண்ணுக்கும் தெரியும். எந்த நிழற்படத்திலும் வராதது அந்த அசைவுதான். அம்மாவிடம் நிறத்தைப் பற்றிப் பேசாமல் அசைவைப் பற்றிச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

கேமரா கொண்டுசெல்வதானால் அகன்ற வில்லையும் தாங்கியும் போதும். வில்லைத் துளை எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, படமெடுக்கும் நேரம் ஐந்து முதல் பதினைந்து வினாடிகள் என்று தொடங்குங்கள். ஒளி வேகமாக ஆடும்போது நேரத்தைக் குறைக்கத் தவறினால் திரைகள் எல்லாம் கரைந்து பச்சைக் கஞ்சியாகிவிடும். குவியத்தை ஒரு விண்மீனின் மீது கையால் சரிசெய்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். நிலவைக் கண்டு அஞ்ச வேண்டாம். முழு நிலவு மங்கிய ஒளியை விழுங்கும் என்பது உண்மை. ஆனால் பாதி நிலவின் வெளிச்சத்தில் பனிமலைகள் தெரியும்போது எடுத்த படங்களே என்னிடம் உள்ளவற்றில் சிறந்தவை. மாற்று மின்கலங்களைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், குளிரில் அவை விரைவில் சோர்ந்துவிடும். அறைக்குள் நுழையும் முன் கேமராவை வெளியிலேயே காற்றுப் புகாத ஒரு பையில் இட்டு மூடிவிடுங்கள். இல்லையேல் உள்ளே உள்ள ஈரம் முழுதும் வில்லையில் படிந்துவிடும். நான் ஒரு வில்லையை அப்படித்தான் இழந்தேன்.

மலைச்சாரல் எழுதியது:

நீங்கள் கேட்ட இடம் நுவோல்யா மலையில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காட்சி மிக நன்று. ஆனால் அந்த நாற்காலித் தூக்கிக்குக் கூரையோ கண்ணாடியோ இல்லை. இருளில், காற்றில், அசையாமல் ஏறக்குறைய இருபது நிமிடம் அமர்ந்து செல்ல வேண்டும். காற்று பலமானால் அதை நிறுத்தியும் விடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உண்மையில் அபிஸ்கோவின் பெரிய வசதியே, எங்கும் ஏறாமல் தங்குமிடத்தின் கதவைத் திறந்து சில நிமிடம் நடந்தால் ஏரிக்கரை வந்துவிடுவதுதான். நீங்கள் வெளியே காவல் இருங்கள், அம்மா உள்ளே உடுத்தித் தயாராகக் காத்திருக்கட்டும், ஒளி வலுத்ததும் அழைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை கட்டாயம் விழித்திருங்கள். ஒளி திடீரென வெடித்துப் பரவுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான், அதுவும் பல நேரங்களில் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

குளிரைப் பொறுத்தவரை, பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை என்பது சாதாரணம், 25-க்குக் கீழே போகும் இரவுகளும் வரும். உடம்போடு ஒட்டிய உள்ளாடை கம்பளியாக இருக்க வேண்டும். பருத்தி வேர்வையை வைத்துக்கொண்டு உறையவைக்கும். காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், ஏனென்றால் இறுக்கமான காலணிக்குள் எத்தனை காலுறை போட்டாலும் விரல்கள் மரத்துப்போகும். எனக்கு உண்மையான கவலை, குளிரைவிட வழுக்கல்தான். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் ஆணிப் பட்டைகள் அங்குள்ள கடைகளில் கிடைக்கும். அம்மாவுக்கு முதல் நாளே வாங்கிக் கொடுங்கள். ஊரில் மருத்துவமனை இல்லை, அருகில் இருப்பது கிரூனாவில். ஆகவே வழக்கமான மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அவசர எண் 112.

உறைந்த ஏரியின் மேல் நடக்கலாம், ஆனால் அபிஸ்கோ ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகில் பனிக்கட்டி நம்பத்தக்கதன்று. விடுதியில் கேட்டுவிட்டு இறங்குங்கள். இது வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களின் நிலம் என்பதும் நினைவில் இருக்கட்டும். வழியில் தென்படும் கலைமான்கள் காட்டு விலங்குகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. யாரிடமும் எத்தனை மான்கள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள், அது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். வட சாமி மொழியில் துருவ ஒளிக்கு 'குவோவ்சஹஸ்' என்று பெயர். அதைப் பார்த்துச் சீழ்க்கை அடிக்கக் கூடாது, அடித்தால் அது இறங்கி வந்து தூக்கிச் சென்றுவிடும் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு.

நடையன் எழுதியது:

ஐந்து இரவுகளுக்கு, அபிஸ்கோ கிழக்கு நிறுத்தத்துக்கு அருகிலேயே அறை எடுத்துவிட்டேன். போகும்போது இரவு ரயில். திரும்பும்போது கிரூனாவிலிருந்து விமானம், அதற்கு முன் ஒரு நாள் வெறுமையாக. சீழ்க்கை பற்றி அம்மாவிடம் சொன்னேன். தனக்குச் சீழ்க்கை அடிக்கவே தெரியாது, உன்னைத்தான் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.